சட்டைப்பையில் ஒரு மடக்குக் கத்தி: தர்மபுரி, கிருஷ்ணகிரிக்காரர்கள் அனுபவம் சொல்லுங்கள்

மாங்காய் மண்டி, காவேரிப்பட்டணம்:

சீசன் தொடங்கிவிட்டால் காலையில் தோப்பு, மதியம் மண்டி, இதுதான் என் பிழைப்பு. தோப்பில் தோத்தாபுரியை இரண்டாகப் பிளந்து உள்ளே மஞ்சள் ஏறியிருக்கிறதா, கொட்டை முற்றியிருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் விலை பேச முடியும். அப்புறம் சாக்குச் சணல், நைலான் கயிறு, கூரியர் டப்பா என்று நாள் முழுக்க எதையாவது அறுக்க வேண்டியிருக்கிறது. இப்போது வீட்டுக் காய்கறிக் கத்தியைச் செய்தித்தாளில் சுற்றி வண்டிப் பெட்டியில் போட்டு வைத்திருக்கிறேன். "அதைப் போலீஸ் பார்த்தால் உன்னை ரவுடி லிஸ்டில் சேர்த்துவிடுவான்" என்று மச்சான் கிண்டல் செய்கிறான்.

பையில் அடங்குகிற மாதிரி சின்ன மடக்குக் கத்தி ஒன்று வாங்கலாம் என்று விசாரித்தால் ஆளுக்கொரு அளவு சொல்கிறார்கள். 3 அங்குலம் வரை பரவாயில்லை என்கிறார் ஒருவர், 6 அங்குலம் வரை யாரும் கேட்க முடியாது என்கிறார் இன்னொருவர். எது சட்டம், எது டீக்கடைப் பேச்சு என்று புரியவில்லை. நம் இரண்டு மாவட்டத்தில் கத்தி வைத்துக்கொண்டு அலைகிற தொழில் நிறைய உண்டு. உங்களுக்கு நேர்ந்ததைச் சொல்லுங்கள். தற்காப்பு, சண்டை பற்றிய பேச்சு மட்டும் வேண்டாம், அதற்கு வேறு இடம் பாருங்கள்.

நாற்றுப்பண்ணை, சந்தூர்:

அண்ணா, எங்கள் ஊரில் பேனா இல்லாத சட்டைப்பை உண்டு, ஒட்டுக்கத்தி இல்லாத சட்டைப்பை குறைவு. மாங்கன்று ஒட்டுக் கட்டுகிறவர்களின் கத்தி எல்லாமே மடக்குவதுதான். நான் வைத்திருப்பது விரல் நீளம்கூட இருக்காது. ஒரு பக்கம் மட்டும் சரிவு, மறுபக்கம் தட்டை. அப்படி இருந்தால்தான் ஒட்டுக்குச்சியைச் சீவும்போது வெட்டு நேராக வரும், தாய்க்கன்றின் பிளவில் இடைவெளி இல்லாமல் உட்காரும்.

2024 மக்களவைத் தேர்தல் சமயத்தில் பறக்கும் படை வண்டியை நிறுத்தியது. அவர்கள் தேடியது 50,000 ரூபாய்க்கு மேல் ரொக்கம். பெட்டியைத் திறந்தால் கத்தி, ஒட்டுக் கட்டுகிற பாலிதீன் நாடா, ஆர்டர் நோட்டு. போலீஸ்காரர் கத்தியை மடக்கித் திறந்து பார்த்துவிட்டு, "அல்போன்சா கன்னு என்ன விலை?" என்று கேட்டார். வீட்டுக்குப் பின்னால் நான்கு கன்று வைக்க இடம் இருக்கிறதாம். செந்தூரா வையுங்கள் சார், இந்த மண்ணுக்கு நன்றாக வரும் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

கத்தி தனியாக என் இடுப்பில் இருந்திருந்தால் பேச்சு வேறு மாதிரி போயிருக்கும் என்றுதான் நினைக்கிறேன். நாடாவும் நோட்டும் கூடவே இருந்ததால் அவர் ஏன் வைத்திருக்கிறாய் என்றே கேட்கவில்லை.

உங்கள் வேலைக்கு ஒட்டுக்கத்தி சரிப்படாது. ஒருபக்கச் சரிவு என்பதால் காயைப் பிளந்தால் கத்தி ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு போகும். இருபக்கமும் தீட்டியதாக வாங்குங்கள்.

வக்கீல், தர்மபுரி:

அளவு பற்றிய குழப்பத்தை முதலில் தீர்த்துவிடுகிறேன், ஏனென்றால் எல்லாரும் அங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள்.

1959 ஆயுதச் சட்டத்தில் ஆயுதம் என்பதற்கு வரையறை உண்டு. தாக்கவோ தற்காக்கவோ வடிவமைத்த பொருள்கள் அதில் வரும். வீட்டு உபயோகத்துக்கோ விவசாயத்துக்கோ மட்டுமே என்று செய்யப்பட்டவை வராது. 2016 ஆயுத விதிகளின் அட்டவணையில் 9 அங்குலத்துக்கு மேல் நீளமான அல்லது 2 அங்குலத்துக்கு மேல் அகலமான அலகுள்ள கத்திகள் வாள், ஈட்டி போன்ற ஐந்தாம் வகை ஆயுதங்களோடு சேர்கின்றன. அதிலும் வீட்டு வேலை, விவசாயம், அறிவியல், தொழிற்சாலை ஆகியவற்றுக்காகச் செய்தவற்றுக்கு விலக்கு இருக்கிறது. சட்டைப்பைக்குள் மடங்குகிற எந்தக் கத்தியும் 9 அங்குலத்துக்குப் பக்கத்திலேயே வராது.

அப்படியானால் 3 அங்குலம் எங்கிருந்து வந்தது? டெல்லியில் இருந்து. அங்கே 1980-இல் ஓர் அறிவிக்கை போட்டார்கள். பட்டன், ஸ்பிரிங், பல்சக்கரம் வைத்துத் திறக்கிற கத்தியின் அலகு 7.62 செ.மீ. நீளமும் 1.72 செ.மீ. அகலமும் அதற்கு மேலும் இருந்தால் அனுமதி இல்லாமல் வைத்திருக்கக் கூடாது. 7.62 செ.மீ. என்றால் சரியாக 3 அங்குலம். அந்த அறிவிக்கை டெல்லிக்கு உரியது. ஆனாலும் அதிலிருந்து ஒன்றை எடுத்துக்கொள்ளலாம்: அரசாங்கம் அங்கே பயந்தது நீளத்தைப் பார்த்து மட்டும் இல்லை, பட்டனைப் பார்த்தும்தான். பட்டனை அழுத்தினால் சடக்கென்று வெளியே வரும் கத்தியை மாம்பழம் வெட்ட வாங்கினேன் என்று எந்த நீதிபதியிடமும் சொல்லிப் பாருங்கள்!

அடுத்தது, அளவுக்குள் இருந்தால் எல்லா நாளும் எங்கேயும் கொண்டுபோகலாம் என்று அர்த்தம் இல்லை. முன்பு 144 என்று சொன்னோமே, 2024 ஜூலை 1 முதல் அது புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் பிரிவு 163. கலவர பயம், பதற்றமான ஊர்வலம் என்று அந்தத் தடையுத்தரவு போடும்போது ஆயுதம் எடுத்து வரக் கூடாது என்று அதில் எழுதுவார்கள். அன்றைக்கு அந்த ஊருக்குள் கத்தியை எடுத்துக்கொண்டு போகாதீர்கள்.

நான் பார்த்த ஒரு வழக்கில் கையில் இருந்தது வெறும் பழக்கத்தி. டீக்கடையில் சீட்டுப் பணத்தகராறு, தள்ளுமுள்ளு, ஒருவன் பையில் இருந்ததை எடுத்துக் கீறிவிட்டான். ஆழமான காயம்கூட இல்லை. ஆனால் வெட்டும் கருவியால் காயப்படுத்தினால் பழைய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 118-ஆம் பிரிவு வந்துவிடும், 3 ஆண்டு வரை சிறை. வெறும் கையால் அடித்திருந்தால் இவ்வளவு தூரம் போயிருக்காது. குடிக்கப் போகிற இடத்துக்கும் பஞ்சாயத்துப் பேசப் போகிற இடத்துக்கும் கத்தி வேண்டாம் என்று என்னிடம் வருகிறவர்களுக்கெல்லாம் சொல்கிறேன்.

நீதிமன்ற வளாகத்துக்கும் எடுத்து வராதீர்கள். திங்கட்கிழமை குறைதீர் நாளுக்குக் கலெக்டர் ஆபீஸ் போகிறவர்களும் கவனியுங்கள். வாசலில் மண்ணெண்ணெய் பாட்டில் இருக்கிறதா என்று பையைக் கொட்டிப் பார்ப்பார்கள், கத்தி கிடைத்தால் மனு கொடுப்பதற்கு முன் நீங்கள் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

மாங்காய் மண்டி, காவேரிப்பட்டணம்:

வக்கீல் சார், ரொம்ப நன்றி. மச்சானுக்கு அப்படியே அனுப்பிவிட்டேன். இன்னும் பதில் இல்லை.

புல்லட், தேன்கனிக்கோட்டை:

காட்டுப் பக்கம் போகிறவர்களுக்கு ஒரு விஷயம். வக்கீல் சார் சொன்ன அளவுக் கணக்கு எதுவும் அங்கே செல்லாது.

நாங்கள் நண்பர்கள் சேர்ந்து அஞ்செட்டி வழியாக ஒகேனக்கல் போவது வழக்கம். ஒருமுறை வனத்துறைச் சோதனைச்சாவடியில் பையைத் திறக்கச் சொன்னார்கள். பிளாஸ்டிக், மது பாட்டில் தேடுகிறார்கள் என்று நினைத்தேன். என் நண்பனின் பையில் முகாம் போடுகிறவர்கள் வைத்திருக்கிற கத்தி இருந்தது, மடக்கியதே உள்ளங்கையைத் தாண்டும், கறுப்புப் பூச்சு, முதுகில் ரம்பப் பல். என்னிடம் இருந்தது சாவிக்கொத்தில் தொங்குகிற குட்டி. வனக்காப்பாளர் இரண்டையுமே எடுத்து மேசையில் வைத்தார்.

நண்பன் வாதாடினான், இது இத்தனை அங்குலம், சட்டப்படி சரி என்றான். அவர் கோபப்படவே இல்லை. "தம்பி, நீ சொல்றது ஊருக்குள்ள. இது சரணாலயம்" என்றார். பிறகு வீட்டுக்கு வந்து படித்துப் பார்த்தேன், அவர் சொன்னது சரிதான். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் ஆயுதம் என்பதற்குத் தனி வரையறை. துப்பாக்கி, வில் அம்பு, வலை, கண்ணி, விஷம் ஆகியவற்றோடு கத்தியும் அந்தப் பட்டியலில் இருக்கிறது. நீளம் எதுவும் போடவில்லை. எழுத்துமூலமான முன் அனுமதி இல்லாமல் ஆயுதத்தோடு சரணாலயத்துக்குள் நுழையக் கூடாது என்று 31-ஆம் பிரிவு சொல்கிறது.

நம் இரண்டு மாவட்டத்திலும் எவ்வளவு காடு இப்போது சரணாலயம் என்று பலருக்குத் தெரியாது. காவிரி வடக்கு சரணாலயம் 2014-இல் அறிவித்தது, 504 சதுர கிலோமீட்டர் சொச்சம். அப்புறம் 2022 நவம்பரில் காவிரி தெற்கு, 686 சதுர கிலோமீட்டர். அஞ்செட்டி, உரிகம், ஜவளகிரி என்று நாம் சாதாரணமாக வண்டி ஓட்டிப் போகிற பக்கம் எல்லாம் இதற்குள்ளேயும் இதை ஒட்டியும்தான். மான் வேட்டை, தந்தம் என்று அந்தக் காடு பார்த்தது கொஞ்சம் இல்லை. அவர்கள் கத்தியைப் பார்த்தால் சந்தேகப்படுவதில் எனக்குக் குறை ஒன்றும் இல்லை.

எங்கள் பெயர், வண்டி எண் எழுதிக்கொண்டு, திரும்பி வரும்போது வாங்கிக்கொள்ளச் சொன்னார். நாங்கள் பென்னாகரம் வழியாகத் திரும்பிவிட்டோம். நண்பன் அடுத்த வாரம் கத்திக்காக அவ்வளவு தூரம் தனியாகப் போய் வந்தான், யானை நின்றதால் வழியில் ஒரு மணி நேரம் காத்திருந்தானாம்.

இப்போது காட்டு வழி என்றால் கத்தி வீட்டிலேயே இருக்கிறது. ஒகேனக்கல்லில் மீன் வாங்கினால் அவர்களே சுத்தம் செய்து, வறுத்தும் கொடுக்கிறார்கள். நாம் கத்தி எடுத்துப் போய் என்ன செய்யப் போகிறோம்?

சிப்காட் பொறியாளர், ஓசூர்:

விக்டோரினாக்ஸ் என்ற சுவிஸ் கம்பெனியின் கேடட் மடக்குக் கத்தி வைத்திருக்கிறேன். அலுமினியப் பிடி, மடக்கினால் 84 மில்லிமீட்டர், ஒல்லியானது, பையில் இருப்பதே தெரியாது. ஒரு பிளேடு, டப்பா திறப்பான், பாட்டில் திறப்பான், நக அரம். கம்பெனி கேட்டில் சிவப்புப் பிடியில் சிலுவைக் குறி போட்ட பழைய கத்தியை ஒரு மாதிரி பார்ப்பார்கள், இந்த வெள்ளிப் பிடியை யாரும் கண்டுகொள்வதில்லை. காரணம் புரியவில்லை, இரண்டும் ஒரே கம்பெனிதான், ஒரே பிளேடுதான்.

கம்பெனி வேலையாக இங்கிலாந்து போனபோது அங்கே சட்டம் மிகத் தெளிவாக இருந்தது. வெட்டு விளிம்பு 3 அங்குலத்துக்கு மிகாமல், திறந்த நிலையில் பூட்டிக்கொள்ளாமல் மடங்குகிற கத்தி என்றால் காரணம் கேட்காமல் வைத்துக்கொள்ளலாம். பூட்டு இருந்தாலோ நீளம் கூடினாலோ தக்க காரணம் காட்ட வேண்டும். அங்கே வேலை செய்கிறவர்கள் இதனாலேயே பூட்டு இல்லாத கத்தியாகப் பார்த்து வாங்குகிறார்கள். நம் ஊரில் அப்படி ஒரு கோடு கிடையாது என்பதால் நான் அதையே எனக்குக் கோடாக வைத்துக்கொண்டேன். வெளிநாடு போனாலும் உதவும், இங்கேயும் யாரையும் பயமுறுத்தாது.

பெங்களூரு போகிறவர்கள் கவனிக்க: பொம்மசந்திராவில் மெட்ரோ ஏறுவதற்கு முன் பை ஸ்கேனருக்குள் போகும். என் கேடட்டைத் திரையில் பார்த்துவிட்டு எடுத்துக்காட்டச் சொன்னார் காவலர், அன்று உள்ளே கொண்டுபோக விடவில்லை. வண்டி நிறுத்துமிடத்துக்குத் திரும்பிப் போய் வைத்துவிட்டு வந்தேன். விமானம் என்றால் கேட்கவே வேண்டாம், கைப்பையில் எந்தக் கத்தியும் கூடாது, பெரிய பெட்டியில் போட்டு அனுப்பிவிடுங்கள். சாவிக்கொத்தில் மாட்டியிருப்பவர்கள்தான் அதிகம் மறந்துபோய்ப் பறிகொடுக்கிறார்கள். 2024-இல் அந்த சுவிஸ் கம்பெனியே, பல நாடுகளில் கட்டுப்பாடு கூடிவருவதால் பிளேடே இல்லாத கைக்கருவி ஒன்றைச் செய்யப் பார்க்கிறோம் என்று சொன்னார்கள். கத்திக் கம்பெனிக்கே அந்த நிலை.

லாரி ஓனர், தொப்பூர்:

பூட்டு வேண்டாம் என்று ஓசூர் சார் சொல்கிறார். அவர் ஏசி அறையில் கூரியர் கவர் பிரிக்கிறவர், அவருக்குச் சரி. தார்ப்பாய்க் கயிறு அறுக்கிறவனுக்குச் சரிப்படாது.

எங்கள் கிளீனர் பையன் கணவாய்க்கு மேலே வண்டியை ஓரம் கட்டி, இறுகிப்போன நைலான் கயிற்றை மடக்குக் கத்தியால் அறுத்தான். கயிற்றில் சிக்கிய கத்தியை வெளியே இழுக்கும்போது அது அவன் பக்கமே மடங்கியது. ஆள்காட்டி விரலில் தையல். பூட்டு இருந்தால் நடந்திருக்காது. அப்போதிருந்து எங்கள் வண்டிகளில் ஓபினெல் 8-ஆம் நம்பர். பிரெஞ்சுக் கத்தி, மரப்பிடி, 8.5 செ.மீ. பிளேடு, கழுத்தில் ஒரு வளையம். திருப்பினால் திறந்தபடி பூட்டிக்கொள்ளும். 1955-இலிருந்து அந்த வளையம் வருகிறது. பார்க்கப் பழம் வெட்டுகிற கத்தி மாதிரிதான் இருக்கும், அதனால் செக்போஸ்டில் யாரும் மிரள்வதில்லை. குறை ஒன்று உண்டு. மழையில் நனைந்தால் மரப்பிடி ஊதிப்போய்க் கத்தி வெளியே வர அடம்பிடிக்கும். காய்ந்தால் சரியாகிவிடும்.

சட்டைப்பையில் வைப்பதில்லை. கருவிப் பெட்டியில் ஸ்பேனரோடு கிடக்கும்.

நூற்பாலை ஷிப்ட், ஊத்தங்கரை:

இரவு ஷிப்ட் முடிந்து பஸ் ஏறுவதால் பையில் ஒரு கத்தி வைத்துக்கொள் என்று அண்ணன் வாங்கிக் கொடுத்தார். பட்டன் கத்தி. திறக்கும்போது எனக்கே பயமாக இருந்தது. திருப்பிக் கொடுத்துவிட்டேன். பிடுங்க வருகிறவன் கைக்கு அது போனால் என் கதி என்ன என்று அண்ணன் யோசிக்கவில்லை. போனில் காவல்துறையின் உதவி ஆப், பெண்கள் உதவி எண் 181, கூட வருகிற பெண்கள், அவ்வளவுதான் என் பாதுகாப்பு.

ஆனால் கத்தி வைத்திருக்கிறேன்! மடக்கினால் 58 மில்லிமீட்டர், விரல் நீளம், உள்ளே கத்தரிக்கோல் இருக்கிறது. நூல் வெட்ட, மாத்திரை அட்டை வெட்ட, பிள்ளையின் நகம் வெட்ட எல்லாம் அந்தக் கத்தரிக்கோல்தான். பிளேடைத் திறப்பது கொய்யாப்பழத்துக்கு மட்டும். இங்கே எல்லாரும் பிளேடு நீளத்தையே பேசுகிறீர்கள், ஒருநாள் முழுக்க நீங்கள் எதையெல்லாம் வெட்டுகிறீர்கள் என்று பாருங்கள், பாதி வேலை கத்தரிக்கோலுக்குரியது.

பட்டறை, பாலக்கோடு:

எங்கள் அப்பா காலத்திலிருந்து அரிவாள், களைக்கொத்து, தேங்காய் உரிக்கும் கம்பி செய்கிறோம். மடக்குக் கத்தி கேட்டு வருவார்கள், செய்வதில்லை. லாரி ஸ்பிரிங் பட்டையில் அரிவாள் அடிக்கலாம், மடக்குக் கத்திக்கு முதுகு ஸ்பிரிங்கும் ஆணியும் மயிரிழை பிசகாமல் உட்கார வேண்டும். அந்த உழைப்புக்கு யாரும் கூலி தர மாட்டார்கள்.

2021 செப்டம்பரில் ஆபரேஷன் டிஸ்ஆர்ம் என்று தமிழ்நாடு முழுக்க ரவுடிகளைப் பிடித்தபோது பட்டறைகளுக்கும் போலீஸ் வந்தது. வாங்குகிறவர் பெயர், முகவரி, போன் நம்பர் எழுது, கேமரா வை, தெரியாத ஆளுக்குக் கொடுக்காதே என்றார்கள். நாங்கள் நோட்டுப் போட்டு எழுதுகிறோம். விவசாயி எவரும் பெயர் சொல்ல யோசிப்பதில்லை. யோசிக்கிறவருக்கு நாங்கள் விற்பதில்லை.

சந்தையில் நூறு ரூபாய்க்குப் பளபளவென்று தொங்குகிற கத்தியை வாங்குவதாக இருந்தால், திறந்து பிளேடைப் பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள். ஆடினால் வைத்துவிட்டு வாருங்கள்.

மாங்காய் மண்டி, காவேரிப்பட்டணம்:

இவ்வளவு வரும் என்று எதிர்பார்க்கவில்லை. கயிறு அறுப்பதற்கு வண்டிப் பெட்டியில் ஓபினெல், அதோடு எடைச் சீட்டுப் புத்தகமும் சணல் ஊசியும் இருக்கும். சட்டைப்பைக்குப் பூட்டில்லாத சின்னது. தளி, அஞ்செட்டி பக்கம் தோப்பு பார்க்கப் போகும் நாளில் தோப்புக்காரர் வீட்டுக் கத்தியையே வாங்கிக்கொள்கிறேன்.

ஒரு சந்தேகம். ஓபினெல்லில் கார்பன், ஸ்டெயின்லெஸ் இரண்டும் வருகிறது. மாங்காய்க்கு எது? தீட்டுவதற்குச் சாணைக்காரரிடம் கொடுக்கலாமா?

நாற்றுப்பண்ணை, சந்தூர்:

மாங்காய்க்கு ஸ்டெயின்லெஸ். கார்பன் இரும்பு நன்றாக வாய் பிடிக்கும், தீட்டுவதும் எளிது, ஆனால் காயின் புளிப்பும் பாலும் பட்ட இடம் சீக்கிரமே கறுத்துவிடும், வெட்டிய துண்டிலும் கறை ஏறும். துண்டைக் காட்டி விலை பேசுகிற உங்களுக்கு அது ஆகாது. புளி உடைக்கிறவர்களுக்கும் இதையே சொல்வேன்.

சாணைக்காரரிடம் மெல்லிய கத்தியைக் கொடுக்காதீர்கள். சக்கரத்தில் சூடேறி வாய் ஓரம் நீலம் பாய்ந்தால் அந்த இடத்தில் இரும்பின் பதம் போய்விடும், பிறகு எவ்வளவு தீட்டினாலும் நிற்காது. தட்டையான தீட்டுக்கல்லில் தண்ணீர் விட்டு, கத்தியை ஏறக்குறைய 20 டிகிரி சாய்த்து, இரண்டு பக்கமும் சமமாக இழுங்கள். அழுத்த வேண்டாம். மாம்பால் காய்வதற்குள் ஈரத்துணியால் துடைத்து, மூட்டில் ஒரு சொட்டுத் தேங்காய் எண்ணெய் விட்டால் போதும். மிஷின் எண்ணெய் வேண்டாம், அதே கத்தியில்தான் பழமும் சாப்பிடப் போகிறீர்கள்.